ஒரு குப்பி எண்ணெயும் ஒரு மஞ்சப்பையும்

(விம்கோ நகரில் நம் அறக்கட்டளை நடத்திய மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் அஸருக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நோயாளியின் குடும்ப விவரங்கள் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டுள்ளன.)





கஞ்சா என்ற சொல்லை மைக்கில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் அந்தச் சொல் எத்தனை வீட்டில் அழுகையைக் கொண்டுவந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளையை ஜாமீனில் எடுக்க நகையை அடகு வைத்த தாய் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். நிர்வாகிகள் என்னிடம் கேட்டபோது, ‘சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுகிறேனே’ என்று நழுவத்தான் பார்த்தேன். அதற்குள் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து போன பிறகு நழுவ முடியவில்லை.

ஒருநாள் இஷா முடிந்து சாப்பிட உட்காரும் நேரம். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற பையன். அவருடைய அத்தாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் கீமோ நடக்கிறது. வைத்தியத்தைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ‘பாய், அத்தா தூங்குறதே இல்ல. ராத்திரி பூரா கட்டில்ல உட்கார்ந்தே இருக்கார். சோறு இறங்கல. தஹஜ்ஜுத் நேரத்துல தேம்பித் தேம்பி அழறார். என்னைக் கொண்டுபோய் அடக்கிடுங்கன்னு சொல்றார்’ என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். சொட்டு விடுகிற மூடி. லேபிளில் ஒரு இலைப் படம் மட்டும். யார் தயாரித்தது, என்ன அளவு, ஒன்றும் கிடையாது. கைப்பேசி வழியாக யாரிடமோ ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ‘இதைக் கொடுத்தா அத்தா தூங்குவாரா பாய்? கேன்சரே கரைஞ்சிடும்னு வீடியோவுல சொல்றாங்க. ஹராம் ஆகுமா?’

மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டார். இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேன்சர் கரையும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். ஆய்வுக்கூடத் தட்டில் வைத்த செல்லைக் கொல்லும் பொருள் எத்தனையோ இருக்கிறது. ஸ்பிரிட் ஊற்றினாலும் அந்தச் செல் சாகும். மனித உடம்பில் புற்றுநோயைக் கஞ்சா குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய்க்கான வைத்தியமாக இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்றே சொல்கிறது. வீடியோவை நம்பி யாரும் கீமோவை நிறுத்திவிடாதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பையன் முதலில் கேட்டது அது இல்லையே. அத்தா தூங்குவாரா, அழுகை நிற்குமா, பயம் போகுமா என்று கேட்டார். அதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

இந்தச் செடியை மேற்கத்திய மருத்துவம் கற்றுக்கொண்டதே நம் நாட்டில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஓ’ஷானசி என்ற ஐரிஷ்காரர், நம் ஹகீம்களும் வைத்தியர்களும் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்து, நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வெறிநாய் கடித்து அவரிடம் வந்த ஒரு முஸ்லிம் ஹகீமைப் பற்றி எழுதியிருக்கிறார். தண்ணீரைப் பார்த்தாலே உடம்பு முறுக்கிக்கொள்ளும் நிலை. கஞ்சாப் பிசினைக் கொடுத்த பின் அந்தத் திகில் கொஞ்சம் தணிந்தது, ஏதோ விழுங்க முடிந்தது. நோய் குணமாகவில்லை. சில நாட்களில் மௌத்தாகிவிட்டார். சாகப்போகிறவரின் பயத்தைக் குறைக்க இது உதவுமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய இருநூறு வயதாகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பையன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

இருநூறு வருஷத்தில் என்ன தெரிந்தது? கஞ்சாவில் முக்கியமாக இரண்டு பொருள். டிஎச்சி என்பது போதை தருவது. சிபிடி என்பது போதை தராதது. டிஎச்சியைப் போலச் செயற்கையாகத் தயாரித்த மாத்திரைகளை 1985-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. கீமோவால் வரும் வாந்தி மற்ற மருந்துகளுக்கு அடங்காதபோது கொடுக்க என்றுதான் ஏற்றுக்கொண்டது. மனச்சோர்வுக்கோ பயத்துக்கோ அல்ல. மனநோய்களுக்குக் கஞ்சாப் பொருள்கள் பயன்படுமா என்று அதுவரை நடந்த 83 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. மனச்சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. வேறு உடல்நோய் உள்ளவர்களிடம் பதற்றம் சிறிது குறைந்ததாகத் தெரிந்தாலும், அதற்கான ஆதாரம் மிகப் பலவீனம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்தது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் நடந்த ஆய்வு. ஜேனட் ஹார்டி என்ற வலிதணிப்பு மருத்துவரும் அவர் குழுவினரும் செய்தது. 2022 கடைசியில் வெளியானது. நோய் முற்றிய 144 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குச் சிபிடி எண்ணெய், நாளொன்றுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி 600 வரை. மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் மருந்தில்லாத எண்ணெய். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து வலி, தூக்கம், பசி, சோர்வு, கவலை எல்லாவற்றையும் அளந்தார்கள்.

இரண்டு பக்கமும் கஷ்டம் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு! உண்மையான எண்ணெய் குடித்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. மனச்சோர்விலும் பதற்றத்திலும்கூட வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எதனால் குறைந்தது? இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவாகக் கிடைத்தது ஒன்று உண்டு. வலிதணிப்புக் குழுவின் கவனிப்பு. எங்கே வலிக்கிறது, எப்போது விழிப்பு வருகிறது, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டு, அதற்கேற்ப மருந்தைச் சரிசெய்தார்கள். ஏதோ எண்ணெய் குடிக்கிறோம் என்ற நம்பிக்கைக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் அத்தாதான் ஞாபகம் வந்தார். அவரிடம் அப்படி யாராவது உட்கார்ந்து கேட்டார்களா?

இதற்குச் சட்டப் பக்கமும் இருக்கிறது. தம்பிமார்கள் கவனமாகக் கேளுங்கள். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த நுனி. கஞ்சாப் பிசினும் அதிலிருந்து எடுத்த எண்ணெயும் ‘சரஸ்’ என்ற கணக்கில் வரும். கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. சரஸில் 100 கிராம் வரைதான் சிறிய அளவு. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. வியாபார அளவு கஞ்சாவில் 20 கிலோ, சரஸில் ஒரே கிலோ. அதற்குப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் தண்டனை. ‘அத்தாவுக்கு மருந்து’ என்று ஸ்டேஷனில் சொன்னால் விட்டுவிடுவார்களா? மருத்துவத்துக்கு, ஆராய்ச்சிக்கு என்ற விலக்கு சட்டத்தில் உண்டுதான். அது உரிமம் வாங்கியவர்களுக்கு. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் அப்படி அனுமதியோடு செடி வளர்த்து ஆராய்ச்சி செய்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் ஓட்டுப் போட்டது. ஆராய்ச்சிக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் வாங்கலாம் என்று அர்த்தம் இல்லை.

‘யுனானியில் இருக்கிறதே’ என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. சித்தாவிலும் இருக்கிறது. கஞ்சா இலை சட்டத்தின் விளக்கத்துக்குள் வராததால், இலையிலிருந்து எடுத்த தயாரிப்புகள் ஆயுஷ் உரிமத்தோடு விற்கப்படுகின்றன. ஆனால் மருந்துச் சட்டத்தின் விஷப்பொருள் பட்டியலிலேயே அதையும் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் எழுதியாக வேண்டும். அந்தப் பக்கம் போக விரும்புகிறவர் படித்த ஹகீமிடம் போங்கள். ராயபுரத்திலேயே மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போகும்போது கீமோ சீட்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். இரண்டு மருத்துவருக்கும் இரண்டும் தெரிய வேண்டும். சிபிடி நம் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரைகிற வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது ஒரு மாத்திரை இரண்டு மாத்திரையாக வேலை செய்யும். டிஎச்சியோ வயதானவர்களுக்குச் சில நேரம் பயத்தைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடும். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறுவதும் உண்டு, எழுந்து நடந்து விழுவதும் உண்டு. வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்து நுரையீரலில் தொற்று வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஹராமா என்ற கேள்விக்கு ஃபத்வா கொடுக்க எனக்குத் தகுதியில்லை. ஹஜ்ரத் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். போதை தருவது எல்லாம் தடை என்பதில் பேச்சில்லை. நிர்ப்பந்தத்துக்கு விலக்கு உண்டு என்பதும் குர்ஆனில் உள்ளதுதான். அழுகிய கையை வெட்ட வேண்டிய நிலையில் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களே எடுத்துப் பேசி, கூடும் என்ற பக்கம் நின்றிருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்குக்கு நிபந்தனை இருக்கிறது. தேவை உண்மையாக இருக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட வேறு மருந்து இல்லாமல் இருக்க வேண்டும், நம்பகமான மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே அந்தப் பையனின் மார்க்கக் கேள்வி சுற்றிச் சுற்றி என் துறைக்கே வந்து சேர்ந்தது. வேறு மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்றா?

‘அத்தா சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க தம்பி’ என்றேன். போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்தார். மேசைமேல் கொட்டினோம். குப்பியை ஓரமாகத் தள்ளிவைத்தோம்.

டெக்ஸாமெதசோன் இருந்தது. கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. சீட்டில் காலை, மதியம் என்று குறித்திருக்கிறது. வீட்டில் காலையும் இரவும் கொடுத்திருக்கிறார்கள், ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு. இந்த மாத்திரை ராத்திரியில் உள்ளே போனால் ஆரோக்கியமானவனே கொட்டக் கொட்ட விழித்திருப்பான். சிலருக்குப் படபடப்பும் அழுகையும் வரும்.

ஓலான்ஜாபின் இருந்தது. பட்டை பிரிக்கப்படவே இல்லை. ஏன் என்று கேட்டேன். மகள் கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறார். மனநோய்க்கான மாத்திரை என்று வந்ததாம். ‘எங்க அத்தா என்ன பைத்தியமா?’ என்று எடுத்து வைத்துவிட்டார்கள். இந்த மாத்திரை கீமோ வாந்திக்கு நல்ல மருந்து. புதுச்சேரி ஜிப்மரில் வயிறு, கல்லீரல், கணையம், நுரையீரல் புற்றுநோய் உள்ள 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். தினமும் ஒருவேளை 2.5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். சாப்பிட்டவர்களுக்குப் பசி எடுத்தது, எடை கூடியது. உடலெடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம், எடுக்காதவர்களில் 9 சதவீதம். தூக்கமும் வரும். மலிவான மாத்திரை. கஞ்சா எண்ணெய் தரும் என்று அந்தப் பையன் எதிர்பார்த்தது ஏறக்குறைய இதுதான். அது ஆறாயிரம் ரூபாய் செலவில்லாமல் வீட்டுப் பீரோவில் கிடந்தது.

மூன்றாவது மார்ஃபின். அதையும் கொடுக்கவில்லை. ‘அது கடைசி நேரத்துக்கு, அதோட போதைப் பழக்கம் வந்துடும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மார்ஃபின் அபினிலிருந்துதான் வருகிறது, உண்மைதான். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்க ஆலைகளில் அபினைச் சுத்தம் செய்கிறார்கள். அதே செடி, ஆனால் மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அளந்து, பதிவேட்டில் எழுதி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வழியாக வருகிறது. அதைச் சுலபமாக்கத்தான் 2014-இல் சட்டத்தையே திருத்தினார்கள். மருத்துவர் அளந்து கொடுத்து வலிக்காகச் சாப்பிடுகிறவரைப் போதைக்காரர் என்று நினைக்காதீர்கள். வலியோடு ராத்திரி முழுக்கக் கிடப்பவர் அழாமல் என்ன செய்வார்?

நான் எந்த மாத்திரையையும் மாற்றவில்லை. அது என் வேலை இல்லை. மறுநாள் காலை அந்தப் பையோடு அவர்களையும் அனுப்பிவைத்தேன். மருத்துவர் பார்த்து நேரத்தைத் திருத்தினார், இரத்தத்தில் உப்பும் கால்சியமும் சோதித்தார். அதில் கோளாறு இருந்தாலும் குழப்பமும் சோர்வும் வரும். பிறகு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. அந்த அத்தாவுக்கு மௌத்தைப் பற்றிய பயம் அவ்வளவாக இல்லை. மகளின் நிக்காஹ்வுக்கு வைத்திருந்த பணம் தன் வைத்தியத்தில் கரைகிறது என்று நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ நடப்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. கேன்சர் என்ற சொல்லையே மறைக்கப் பார்த்த வீட்டில் செலவைப் பற்றி யார் பேசுவார்?

இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நாலு மணி, ஐந்து மணி நேரம் தூங்குகிறார். கஞ்சி குடிக்கிறார். சில நாள் அழுகிறார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து நாற்காலியில் தொழுதார்.

இதைக் கேட்டுவிட்டு, ‘ஈமான் உள்ளவனுக்கு எதற்கு மனசுக்கு மருந்து’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். யூசுஃப் நபியைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் சொல்கிறது. அவர்களின் ஈமானுக்கு என்ன குறை? நம் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஓர் ஆண்டுக்கே துக்க ஆண்டு என்று பெயர் இருக்கிறது. அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, உடலுக்கு வைத்தியம் போல உள்ளத்துக்கும் வைத்தியம் வேண்டும் என்று ஒரு நூலையே எழுதிவைத்தார். பயம், துக்கம், கோபம் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனியாகப் பேசியிருக்கிறார். துஆவும் செய்வோம், மாத்திரையும் சாப்பிடுவோம்.

உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கியது, அங்கே புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் கிண்டி வரை ஒரே வண்டி. நோய் முற்றி வீட்டில் பார்க்க முடியாதவர்களுக்கு, நமக்குப் பக்கத்திலேயே மணலி மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. பணம் வாங்குவதில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ராத்திரியில் மனசு தாங்காமல் போனால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நோயாளி மட்டுமல்ல, பார்த்துக்கொள்ளும் மனைவியும் மகளும்கூடப் பேசலாம்.

கேரளத்தில் மலப்புறம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்பு வேலையை அங்கே ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் அதில் நிறையப் பேர். மருந்து கொடுப்பவர் ஒருவர் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருபவர் பத்துப் பேர்.

ஒரு சகோதரி சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: ‘அந்தக் குப்பி என்ன ஆயிற்று?’ அந்தப் பையன் கையாலேயே கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொன்னேன். என் வீட்டில் வைத்திருந்தால் நானும் குற்றவாளிதான். இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்கள்: ‘ஏற்கெனவே இது மாதிரி எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் சொன்னால் போலீசில் பிடித்துக் கொடுப்பாரா?’ சகோதரி, மருத்துவர் கேட்பது மருந்தோடு மருந்து மோதக் கூடாது என்பதற்காக. மறைத்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. கட்டாயம் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து வாரா வாரம் அஸர் முதல் மஃரிப் வரை அறக்கட்டளை அறையில் நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பெண்கள் பக்கம் ஓய்வு பெற்ற நர்ஸ் சகோதரி ஒருவர் இருப்பார்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் வரலாம். சீட்டையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், பீரோவில் ஒளித்து வைத்திருப்பதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.